ஓசையின்றிக் காலாவதியாகும் சர்வர்கள்

2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி, உலகின் பல அலுவலகங்களில் ஒரே மாதிரியான சிக்கல் தலைகாட்டியது. விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ் 3.5 மென்பொருளுக்கு வந்த இரண்டாம் மேம்பாட்டைச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர்கள் நிறுவியிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினிகள் எந்தக் குறையுமின்றித் தொடர்ந்து ஓடின. அணைத்து வைத்திருந்தவற்றை இயக்க முயன்றபோதுதான் அவை எழ மறுத்தன. ஓடிக்கொண்டிருந்ததை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றவும் முடியவில்லை. வன்பொருளில் பழுதில்லை, வைரஸ் இல்லை, பணம் கட்டி வாங்கிய உரிமமும் கையில் இருந்தது.

காரணம் பிறகு தெரியவந்தது. விற்பனைக்கு வருமுன் உருவாக்கும் சோதனைப் பதிப்புகளில், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வேலை செய்யக்கூடாது என்று ஒரு கட்டளையை எழுதி வைப்பது வழக்கம். அந்தக் கட்டளையை நீக்காமலேயே விற்பனைப் பதிப்பு வெளியாகிவிட்டது. தேதி பிறந்ததும், தன் உரிமம் முடிந்துவிட்டதாக மென்பொருள் தானே முடிவு செய்துகொண்டது. அதற்கு முந்திய மாதம்தான் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்றிருந்த பால் மாரிட்ஸ், வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். திருத்தம் கைக்கு வரும்வரை பலர் கையாண்ட வழி சற்று வேடிக்கையானது: சர்வரின் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்தார்கள்! அதிலும் ஓர் ஆபத்து உண்டு. விண்டோஸ் கட்டமைப்பில் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் என்ற முறை, இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் பொதுவாக ஏற்றுக்கொள்ளாது. சர்வரின் கடிகாரத்தைத் திருப்பினால், அதைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளும் மெய்நிகர் கணினிகளில் யாரும் உள்ளே நுழைய முடியாமல் போகலாம்.

உரிமம் முடிவதன் பாதிப்பு அது முடியும் நாளில் தெரிவதில்லை. அடுத்த முறை அணைத்து இயக்கும் நாளில்தான் தெரிகிறது. பள்ளியிலோ மருந்தகத்திலோ சரக்கு நிறுவனத்திலோ இரண்டு மூன்று சர்வர்களைக் கவனித்துக்கொள்பவராக நீங்கள் இருந்தால், இந்த வாரப் பாடம் உங்களுக்கானது. தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் மாணவராக இருந்தாலும் இப்போதே தெரிந்துகொள்ளலாம். வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே உதவும்.

ஒரே நிலத்தில் பல வீடுகள்

அடிப்படையை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு தரைவீடு நிற்கும் இடத்தில் அடுக்குமாடி கட்டினால் நூறு குடும்பங்கள் வாழலாம். ஒரு சர்வருக்குள் பல கணினிகளைக் குடிவைப்பதும் அப்படித்தான். அந்த அடுக்குமாடியைக் கட்டி, எந்த வீட்டுக்கு எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் என்று பங்கிட்டுத் தரும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி, லினக்ஸ் கருவுக்குள் 2007ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் கேவிஎம் ஆகியவை இந்த வகை. இது புதிய கருத்தும் அன்று. ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு இத்தகைய அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அடுக்குமாடியில் ஒரு வசதியும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. நூறு குடும்பங்களுக்கும் ஒரே மின்தூக்கி. அது நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். ஹைப்பர்வைசரின் உரிமம் சிக்கலானால் அதன்மேல் இருக்கும் சம்பளக் கணக்கு, மின்னஞ்சல், இருப்புப் பட்டியல் எல்லாமே சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.

எதை எண்ணிப் பணம் கேட்கிறார்கள்?

உரிம நிர்வாகத்தில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். ஒரு மென்பொருளுக்கு ஓர் உரிமம் என்ற காலம் மலையேறிவிட்டது. சர்வர் உலகில் எதை எண்ணுகிறார்கள் என்பதே அவ்வப்போது மாறுகிறது.

விஎம்வேரையே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் செயலிகளின் எண்ணிக்கைக்கே உரிமம் வாங்கினோம். 2011ஆம் ஆண்டில் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, மெய்நிகர் கணினிகளுக்கு ஒதுக்கிய நினைவகத்தின் அளவையும் சேர்த்து எண்ணப்போவதாக அறிவித்தார்கள். நினைவகத்தை வாரி வழங்கியிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். சில வாரங்களில் அளவுகளைத் தளர்த்தினார்கள். 2012ஆம் ஆண்டில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். 2020ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து ஒரு செயலி உரிமம் 32 உள்ளகங்கள் வரைதான் செல்லும் என்றார்கள். உள்ளகம் என்பது ஒரு செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி; கோர் என்று கடைகளில் கேட்டிருப்பீர்கள். 2023ஆம் ஆண்டு நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் எப்போதும் பயன்படுத்தலாம் என்ற நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டது. இப்போது எல்லாமே உள்ளகக் கணக்கில் சந்தா. சொந்த வீட்டுக்காரர்கள் வாடகைக்காரர்களாக மாறிய கதை இது.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். உங்கள் அலுவலகத்தில் 3 சர்வர்கள். ஒவ்வொன்றிலும் 2 செயலிகள். ஒரு செயலிக்கு 12 உள்ளகங்கள். மொத்தம் 72 உள்ளகங்கள். ஆனால் ஒரு செயலிக்குக் குறைந்தது 16 உள்ளகங்களுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே 16-ஐ 2-ஆல் பெருக்கி, 3-ஆல் பெருக்கினால் 96. இல்லாத 24 உள்ளகங்களுக்கும் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். பழைய சர்வர்களைக் கழித்துப் புதியவை வாங்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரு செயலிக்குச் சரியாக 16 அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளகம் உள்ளதாகப் பார்த்து வாங்குவீர்கள். சில நேரம் ஒரே செயலியுள்ள சர்வரே போதுமானதாக இருக்கும்.

ஹைப்பர்வைசரோடு வேலை முடிவதில்லை. உள்ளே குடியிருக்கும் இயங்குதளத்துக்கும் உரிமம் வேண்டும். விண்டோஸ் சர்வரின் ஸ்டாண்டர்ட் பதிப்பில், சர்வரிலுள்ள எல்லா உள்ளகங்களுக்கும் ஒரு சுற்று உரிமம் வாங்கினால் 2 மெய்நிகர் கணினிகளை இயக்கலாம். இன்னும் 2 வேண்டுமென்றால் எல்லா உள்ளகங்களுக்கும் மறுபடி ஒரு சுற்று. டேட்டாசென்டர் பதிப்பில் இந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. விலைதான் பல மடங்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேற்சொன்ன 3 சர்வர்களில் 6 விண்டோஸ் கணினிகள், ஒன்றுக்கு இரண்டாக ஓடுகின்றன என்று வையுங்கள். ஒரு சர்வருக்கு 24 உள்ளகம், மூன்றுக்கும் சேர்த்து 72 உரிமம் போதும் என்று தோன்றும். ஆனால் பராமரிப்புக்காக ஒரு சர்வரை அணைக்கும்போது அதிலிருந்த 2 கணினிகளும் மற்ற இரண்டு சர்வர்களுக்கு நகரும்; அப்போது ஒவ்வொன்றிலும் 3 கணினிகள் ஓடும். வழக்கமான விதிப்படி ஓர் உரிமத்தை வேறு சர்வருக்கு 90 நாட்களுக்கு ஒருமுறைதான் மாற்றலாம். வன்பொருள் நிரந்தரமாகப் பழுதானால் மட்டும் விதிவிலக்கு. கணினி நொடியில் நகர்ந்துவிடும்; உரிமம் அவ்வளவு வேகமாக நகராது. எனவே ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு சுற்று, அதாவது மொத்தம் 144 உள்ளகங்களுக்கு உரிமம் இருக்க வேண்டும். கூடுதல் பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவர்களுக்குச் சலுகைகள் உண்டு. அதை உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆரக்கிள் தரவுத்தளம் இன்னும் கறாரானது. ஒரு பெரிய விஎம்வேர் தொகுதியின் மூலையில் ஒரு சிறிய கணினியில் அதை ஓடவிட்டாலும், அது ஓடக்கூடிய சர்வர்களின் உள்ளகங்கள் அனைத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. வழக்கறிஞர்கள் இதை ஒப்பந்தச் சொற்களை வைத்து வாதிடலாம். நீங்களும் நானும் செய்யக்கூடியது, அதற்கென்று தனியாக ஒரு சிறு சர்வரை ஒதுக்குவதுதான்.

சாலை வரி முடிந்த கார்

சாலை வரி முடிந்த கார் தொடர்ந்து ஓடும். இயந்திரத்துக்கு அது தெரியாது. சர்வருக்குத் தெரியும். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகிறீர்கள். வழியில் சாலை வரி முடிகிறது. கார் நிற்காமல் ஓடுகிறது. தாப்பா ஓய்விடத்தில் காப்பி குடிக்க நிறுத்துகிறீர்கள். திரும்பி வந்து சாவியைத் திருகினால் கிளம்பவில்லை. இஎஸ்எக்ஸ்ஐ நடந்துகொள்வது கிட்டத்தட்ட இப்படித்தான். உரிமமோ 60 நாள் சோதனைக் காலமோ முடிந்தால், ஓடும் மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தால் மறுபடி இயக்க முடியாது. அந்தச் சர்வர், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வீசென்டரிலிருந்தும் துண்டிக்கப்படும்.

இப்படி ஒன்றை எண்ணிப் பாருங்கள். மார்ச் மாதம் அவசரமாக ஒரு சர்வரைச் சேர்க்கிறார்கள். உரிம எண்ணைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சோதனை நிலையிலேயே விட்டுவிடுகிறார்கள். அமைத்தவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். மே மாதம் 60 நாள் முடிகிறது. சிறிய அலுவலகம், வீசென்டர் இல்லை. எனவே யார் கண்ணிலும் படவில்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தில் மின்பராமரிப்பு என்று எல்லாவற்றையும் முறையாக அணைக்கிறார்கள். திங்கட்கிழமை காலை ஒரு கணினியும் எழவில்லை. மருந்தகமாக இருந்தால் நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களின் மருந்து ஒவ்வாமைப் பதிவு பூட்டிய அறைக்குள் இருக்கிறது.

எல்லா மென்பொருளும் இப்படிக் கமுக்கமாக இருப்பதில்லை. விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பு முடிந்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே அணைந்துவிடும். எரிச்சலூட்டும் நடத்தைதான், ஆனாலும் இதை நான் நேர்மையானது என்பேன். அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறதே! கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட புராக்ஸ்மாக்ஸ், சந்தா இல்லாவிட்டால் உள்ளே நுழையும்போதெல்லாம் ஒரு நினைவூட்டலை மட்டும் காட்டும், வேலையை நிறுத்தாது.

2018ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் இலட்சக்கணக்கான கைப்பேசிகளும் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் கைப்பேசிகளும் ஒரே நாளில் முடங்கின. எரிக்சன் தயாரித்த மென்பொருளுக்குள் இருந்த ஒரு மின்னியல் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம் என்று அந்த நிறுவனமே தெரிவித்தது. உரிமத்துக்கு மட்டுமன்றிச் சான்றிதழ்களுக்கும் தேதி உண்டு. வீசென்டரின் சில பதிப்புகளைப் புதிதாக நிறுவியபோது, உள்நுழைவை உறுதிசெய்யும் அதன் உட்சான்றிதழுக்கு 2 ஆண்டு ஆயுள்தான் இருந்தது. அது முடிந்த அன்று நிர்வாகியால்கூட உள்ளே நுழைய முடியாது. ஆகவே உங்கள் பட்டியலில் உரிமங்கள், சான்றிதழ்கள், வன்பொருள் பராமரிப்பு ஒப்பந்தங்கள் மூன்றையும் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிப்பு, எண்ணிக்கை, முடியும் தேதி, வாங்கிய கடை, எந்த மின்னஞ்சல் முகவரியின் பெயரில் வாங்கியது என்பவை இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் கைவிடுகிறது. புதுப்பிக்கச் சொல்லும் கடிதம், வேலையை விட்டுப் போனவரின் அஞ்சல்பெட்டியில் திறக்கப்படாமல் கிடக்கும். தனியாளின் முகவரிக்குப் பதிலாகப் பிரிவுக்கென்று ஒரு பொது முகவரியைப் பதிவு செய்யுங்கள்.

முதல் நினைவூட்டல் 90 நாட்களுக்கு முன்பே வர வேண்டும். விலைப்புள்ளி கேட்டு வாங்கவும், மேலதிகாரி கையெழுத்திடவும், கணக்குப் பிரிவு பணம் அனுப்பவும் எத்தனை நாளாகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு வாரத்துக்கு முன் சிவப்பு விளக்கு எரிந்து பயனில்லை.

புலி வருது, புலி வருது

இப்போது எச்சரிக்கைகளுக்கு வருவோம். வீசென்டரை நிறுவியவுடனே பல எச்சரிக்கைகள் ஆயத்தமாக இருக்கும். உரிமம் முடிவது, வாங்கிய அளவுக்கு மேல் பயன்படுத்துவது ஆகியவற்றுக்கும் உண்டு. சேமிப்பகம் 75 விழுக்காடு நிரம்பினால் மஞ்சள், 85 விழுக்காடு நிரம்பினால் சிவப்பு என்பது அதன் தொடக்க அமைப்பு. ஆனால் இவை திரையில்தான் தெரியும். மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பும்படி நீங்கள் சொல்லாவிட்டால், யாரும் பார்க்காத திரையில் சிவப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

சரி, எல்லாவற்றையும் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லிவிடலாமா? ஒரு வாரத்தில் புலி வருது கதைதான். ஒவ்வொரு இரவும் காப்புநகல் எடுக்கும்போது செயலிப் பயன்பாடு 90 விழுக்காட்டைத் தொட்டு இறங்கும். ஒவ்வொரு இரவும் கைப்பேசி அலறும். பத்தாம் நாள் அதை மௌனமாக்கிவிட்டுத் தூங்குவீர்கள். பதினோராம் நாள் உண்மையான புலி வரும்.

இதற்கு இரண்டு எளிய அமைப்புகள் உள்ளன. ஒன்று கால அளவு: 90 விழுக்காட்டைத் தாண்டினால் போதாது, தொடர்ந்து 15 நிமிடம் தாண்டியிருந்தால்தான் எச்சரிக்கை. மற்றொன்று, எழும் எல்லைக்கும் அடங்கும் எல்லைக்கும் இடைவெளி வைப்பது. 85 விழுக்காட்டில் எழும் எச்சரிக்கை 84-இல் அடங்கினால், அளவு 84-க்கும் 85-க்கும் இடையே ஊசலாடும்போதெல்லாம் செய்தி வந்துகொண்டே இருக்கும். 80-இல் அடங்கும்படி வைத்தால் ஒரு முறைதான் வரும். குளிரூட்டியின் வெப்பநிலைக் கட்டுப்பாடும் இப்படித்தான் வேலை செய்கிறது. இல்லையென்றால் அதன் அழுத்துப்பொறி நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று கிளம்பும்.

விழுக்காட்டைவிட வேகம் முக்கியம் என்பதையும் கவனியுங்கள். 2,000 கிகாபைட் சேமிப்பகம் 85 விழுக்காடு நிரம்பியிருக்கிறது, மிச்சம் 300. நாளுக்கு 5 கிகாபைட் வளர்கிறது என்றால் 60 நாள் அவகாசம் உண்டு. நிதானமாகக் கூட்டம் போட்டுப் பேசலாம். ஆனால் யாரோ ஒருவர் மேம்பாட்டுக்கு முன் எடுத்த நிலைப்பதிவை நீக்க மறந்து, அது மணிக்கு 10 கிகாபைட் வளர்கிறது என்றால் 30 மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு 85-ஐத் தொட்டது சனிக்கிழமை நள்ளிரவில் நிரம்பிவிடும். நிரம்பினால், இடம் கேட்கும் மெய்நிகர் கணினிகள் அப்படியே உறைந்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே சிவப்பு விளக்கு என்பதுதான் தொடக்க அமைப்பின் குறை. நிலைப்பதிவு 3 நாளுக்கு மேல் பழையதானால் தனியாக ஓர் எச்சரிக்கை வையுங்கள். என் அனுபவத்தில் சேமிப்பகம் நிரம்பும் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு மறந்துபோன நிலைப்பதிவுதான் வில்லன்.

செயலிப் பயன்பாட்டை மட்டும் பார்ப்பதும் போதாது. மெய்நிகர் கணினி வேலை செய்யத் தயாராக இருந்தும், செயலி காலியாகாமல் வரிசையில் காத்திருந்த நேரத்தை வீசென்டர் தனியாக அளக்கிறது. உணவங்காடியில் கடைக்காரர் எவ்வளவு பரபரப்பாக இருக்கிறார் என்பதைவிட, நீங்கள் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றீர்கள் என்பதல்லவா உங்களுக்கு முக்கியம்? நிகழ்நேர வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் 20 நொடிக்கானது, அதாவது 20,000 மில்லி நொடி. காத்திருப்பு 2,000 மில்லி நொடி என்று காட்டினால் அது 10 விழுக்காடு. அந்தக் கணினிக்கு 4 மெய்நிகர் செயலிகள் என்றால் நான்கால் வகுக்க வேண்டும், 2.5 விழுக்காடுதான், கவலை இல்லை. ஒரே செயலி என்றால் பயனர்கள் ஏற்கெனவே மெதுவாக இருப்பதாகப் புகார் சொல்லத் தொடங்கியிருப்பார்கள்.

காவலரை யார் பார்ப்பது?

கண்காணிப்பு மென்பொருளையும் ஒரு மெய்நிகர் கணினியாக அதே சர்வர் தொகுதியில் வைப்பது வழக்கம். செய்தி அனுப்பும் மின்னஞ்சல் சர்வரும் அங்கேதான். தொகுதி விழுந்தால், விழுந்தது என்று சொல்ல வேண்டியவரும் சேர்ந்து விழுந்துவிடுகிறார். திரை அமைதியாக இருக்கும். எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்வோம்.

நம் ஊர்க் கட்டடங்களில் இரவு ஜாகா சுற்றி வரும்போது ஒவ்வொரு மாடியிலும் ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். திருடன் வந்தால் தகவல் சொல்வது அவர் வேலை. பொத்தான் தொடப்படவில்லை என்றால் அவரையே தேடிப் போவது மேற்பார்வையாளரின் வேலை. கண்காணிப்பிலும் இதையே செய்யலாம். உங்கள் கண்காணிப்பு மென்பொருள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, வெளியே வேறு இடத்திலுள்ள ஒரு சிறிய சேவைக்கு 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பட்டும். செய்தி 15 நிமிடம் வராவிட்டால் அந்தச் சேவை உங்கள் கைப்பேசியை அழைக்கட்டும். அந்தச் சேவை உங்கள் சர்வரில் இருக்கக்கூடாது. அலுவலக மின்னஞ்சலை நம்பியும் இருக்கக்கூடாது. அலுவலகத்தின் இன்னொரு கிளையில் கிடக்கும் பழைய கணினியே போதும்.

சிங்கப்பூரில் வங்கிகளின் முக்கியக் கணினி அமைப்புகள், எதிர்பாராத விதமாக 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் முடங்கக்கூடாது என்று நாணய ஆணையம் விதி வைத்திருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு அந்த விதி பொருந்தாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த 4 மணி நேரத்தை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2 மணிக்கு எச்சரிக்கை எழுந்தால் யார் எழுந்திருப்பார்? உரிம எண்கள் இருக்கும் கோப்பு, எழாமல் கிடக்கும் அதே சர்வரில் இருக்கிறதா? விற்பனையாளரின் தொலைபேசி எண் யாரிடம் இருக்கிறது?

இந்த வாரமே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. யாரும் பயன்படுத்தாத ஒரு சிறிய மெய்நிகர் கணினியைத் தேர்ந்தெடுத்து அணையுங்கள். எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில், யாருடைய கைப்பேசிக்கு வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை மறுபடி இயக்குங்கள். எழுந்துவிட்டால், அந்தச் சர்வரின் உரிமமும் உயிரோடு இருக்கிறது என்று அதே சோதனையில் தெரிந்துவிடும். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு கணினியை வைத்து இதைச் செய்ய அரை மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் தொடங்காதீர்கள்.